ஒருவருக்கு எட்டுப் பேர்: புடாபெஸ்ட் லோட்ஸி இல்லம், ஒரு நிகழ்வு ஆய்வு

1946-ல் புடாபெஸ்ட் நகரின் பூடா பக்கத்து மேட்டில், லோட்ஸி லாயோஷ் தெருவில் கைக்குழந்தைகளுக்கான இல்லம் ஒன்று திறக்கப்பட்டது. இரண்டாம் உலகப் போரின் முற்றுகை முடிந்து நகரம் மூச்சுவிடத் தொடங்கி ஓராண்டுதான் ஆகியிருந்தது. பெற்றோரைப் போரில் பறிகொடுத்த குழந்தைகள் அங்கே வந்தன. தாய்க்குக் காசநோய் என்பதால் பிரித்துவைக்கப்பட்டவையும், வளர்க்க வழியில்லாமல் விடப்பட்டவையும் வந்தன. பச்சிளங்குழந்தையிலிருந்து சுமார் மூன்று வயதுவரை. நடத்தும் பொறுப்பு எம்மி பிக்லர் என்ற குழந்தை மருத்துவரிடம் வந்தது. தெருவின் பெயரே இல்லத்துக்கும் ஒட்டிக்கொண்டது.

முன்பருவக் கல்வி பற்றி எழுதுபவர்கள் பெரும்பாலும் பாலர் பள்ளிகளைத்தான் எடுத்துக்கொள்வார்கள். வண்ணமும் களிமண்ணும் பாட்டும் நிறைந்த வகுப்பறைகள் பார்க்க அழகாக இருக்கும். நான் லோட்ஸியை எடுத்துக்கொண்டதற்குக் காரணம், அங்கே தாயும் இல்லை, வீடும் இல்லை, பணமும் அதிகம் இல்லை. குழந்தைக்கும் பெரியவருக்கும் இடையிலான உறவை முழுக்க முழுக்கச் சம்பளத்துக்கு வேலை பார்ப்பவர்களைக் கொண்டே கட்ட வேண்டியிருந்தது. அன்பு என்று நாம் பொத்தாம்பொதுவாகச் சொல்வதில் எவ்வளவு டியூட்டிப் பட்டியல் கலந்திருக்கிறது என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் இடம் எனக்குத் தெரியாது.

அப்போது நிலைமை என்ன

அதற்கு முந்தைய ஆண்டு, 1945-ல், ரெனே ஸ்பிட்ஸ் என்ற உளப்பகுப்பாய்வாளர் ஓர் ஆய்வை வெளியிட்டிருந்தார். வியன்னாவில் பிறந்து ஹங்கேரியில் வளர்ந்து பிறகு அமெரிக்கா போனவர். அவர் இரண்டு இடங்களை ஒப்பிட்டார். ஒன்று பெண்கள் சிறையோடு சேர்ந்த குழந்தைக் காப்பகம். அங்கே கைதிகளான தாய்மாரே தங்கள் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டார்கள். மற்றொன்று கைவிடப்பட்ட குழந்தைகளுக்கான இல்லம். சுத்தம், பால், மருத்துவர் எதிலும் குறையில்லை. சுமார் எட்டுக் குழந்தைகளுக்கு ஒரு நர்ஸ். சிறையில் இருந்த பிள்ளைகள் ஓடியாடி வளர்ந்தன. இல்லத்துக் குழந்தைகளோ துவண்டன, எடை இழந்தன, யார் வந்தாலும் திரும்பிப் பார்க்காமல் கிடந்தன. அவர் பின்தொடர்ந்த காலத்துக்குள் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இறந்தும் போயின. 1951-ல் உலக சுகாதார நிறுவனத்துக்காக ஜான் பவுல்பி என்ற பிரிட்டிஷ் மனநல மருத்துவர் எழுதிய அறிக்கை இதே பிரச்சினையை உலகத்தின் முன் வைத்தது: தாய்க்கு இணையான நிலையான ஒருவர் இல்லாமல் வளரும் குழந்தையின் மனம் என்னவாகும்?

எட்டுக்கு ஒருவர் என்ற அந்தக் கணக்கை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

பிக்லர் கையோடு கொண்டுவந்தவை

1902-ல் வியன்னாவில் பிறந்து, சிறுவயதில் புடாபெஸ்ட் வந்து, மருத்துவம் படிக்க மறுபடி வியன்னாவுக்கே போனவர் பிக்லர். அங்கே கிளெமன்ஸ் ஃபான் பிர்க்கேயின் குழந்தைகள் பிரிவில் பயிற்சி. ‘அலர்ஜி’ என்ற சொல்லை மருத்துவத்துக்குத் தந்தவர் இந்தப் பிர்க்கே. நோயாளிக் குழந்தை தானாக ஏற்பதற்கு மேல் ஒரு ஸ்பூன்கூட ஊட்டக் கூடாது என்பது அந்தப் பிரிவின் விதி. அறுவை மருத்துவர் ஹான்ஸ் சால்ட்ஸரிடம் கற்றது வேறு: குழந்தையை அழவைக்காமல் சோதிக்கத் தெரிந்தவரே மருத்துவர். தெருவில் விழுந்து எழுந்து விளையாடும் தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகளுக்கு எலும்பு முறிவும் தலைக்காயமும் குறைவு, கண்ணுக்குள் வைத்து வளர்க்கப்படும் வசதியான வீட்டுப் பிள்ளைகளுக்கே அதிகம் என்பதும் அவருக்கு அங்கே கிடைத்த பாடம்.

1931-ல் மகள் அன்னா பிறந்தபோது, பிக்லரும் கணிதம் கற்பித்த அவர் கணவரும் ஒரு முடிவெடுத்தார்கள். பிள்ளையை அவசரப்படுத்துவதில்லை, அது எப்போது புரள்கிறதோ புரளட்டும். அந்த அன்னா பின்னாளில் அதே இல்லத்தின் இயக்குநரானார். 1930-களின் நடுவிலிருந்து புடாபெஸ்டில் பிக்லர் தனியாக வைத்தியம் பார்த்தார். சுமார் நூறு குடும்பங்கள். நோய் வந்தால் போய்ப் பார்க்கும் வழக்கத்தோடு நிற்காமல், கைக்குழந்தை இருக்கும் வீட்டுக்கு வாரந்தோறும் போய்க் குழந்தை என்ன செய்கிறது என்று உட்கார்ந்து கவனித்தார். கணவர் அரசியல் காரணத்தால் சிறையில் இருந்தார். இவர்களோ யூதர்கள். போர்க்காலத்தில் இவரிடம் பிள்ளைகளைக் காட்டிய குடும்பங்கள்தான் இவர்களைக் காப்பாற்றின.

முதல் மோதல்

தேர்ந்த நர்ஸுகளோடுதான் இல்லம் தொடங்கியது. சுறுசுறுப்பானவர்கள், சுத்தமானவர்கள், குழந்தையைக் குளிப்பாட்டித் துடைத்துத் துணி கட்டிப் படுக்கவைப்பதில் கெட்டிக்காரர்கள். சிக்கலும் அங்கேதான் இருந்தது. அவர்கள் கைக்குக் குழந்தை ஒரு பொருளாக வந்துபோனது. பேசச் சொன்னால், பேச நேரம் எங்கே இருக்கிறது என்பதுதான் பதில். பிக்லர் சில மாதங்களிலேயே அவர்களை அனுப்பிவிட்டு, நர்ஸிங் பயிற்சி இல்லாத, குழந்தைகளிடம் ஆர்வமுள்ள இளம்பெண்களை வேலைக்கு எடுத்தார்.

இதைப் படித்துவிட்டுப் பயிற்சி தேவையில்லை, மனம் இருந்தால் போதும் என்று சொல்பவர்கள் உண்டு. அது நேர் எதிரான வாசிப்பு. அந்தப் பெண்களுக்குக் கையை எப்படி வைப்பது, தூக்கும்முன் என்ன சொல்வது, சொன்னபின் எவ்வளவு நேரம் காத்திருப்பது என்று ஒவ்வோர் அசைவும் கற்றுத்தரப்பட்டது. பழைய பழக்கம் படிந்த கைகளைத் திருத்துவதைவிடப் புதிய கைகளைப் பழக்குவது எளிது என்று அவர் கருதினார், அவ்வளவுதான்.

துணி மாற்றும் மேசை

லோட்ஸியில் எடுத்த ஆவணப்படங்களும் மரியன் ரைஸ்மன் பல ஆண்டுகள் எடுத்த புகைப்படங்களும் இருப்பதால் அங்கே என்ன நடந்தது என்பதை நெருங்கிப் பார்க்க முடிகிறது.

ஏழெட்டு மாதக் குழந்தை ஒன்றுக்குத் துணி மாற்ற வேண்டும். பராமரிப்பவர் முதலில் அருகில் வந்து குனிந்து, அது தன்னைப் பார்க்கும்வரை நிற்கிறார். பெயர் சொல்லிக் கூப்பிட்டு, தூக்கப்போவதாகச் சொல்லி, இரண்டு கையையும் நீட்டுகிறார். உடனே தூக்குவதில்லை. குழந்தையின் தோள் லேசாக முன்னுக்கு வருகிறது, அல்லது உடல் இளகுகிறது. அதற்குப் பிறகுதான் தூக்குகிறார். மேசையைச் சுற்றித் தடுப்பு இருப்பதால் விழுந்துவிடும் என்று குழந்தையை அழுத்திப் பிடிக்கும் அவசியம் இல்லை. சட்டையின் கையைத் திறந்து காட்டி, கையைத் தரச் சொல்கிறார். குழந்தைக்கு இப்போது ஜன்னல் பக்கம் பார்க்க ஆசை, குப்புறப் புரள்கிறது. நம் வீடுகளில் இந்த இடத்தில் ஒரு கையால் பிள்ளையை மல்லாக்கத் திருப்பி, மறு கையில் கிலுகிலுப்பையை ஆட்டிக் கவனத்தைத் திருப்புவோம். லோட்ஸியில் இதற்கென்று பொம்மை கொடுப்பதில்லை. கவனம் வேறெங்காவது போனால் இருவரும் சேர்ந்து செய்யும் வேலை அறுந்துவிடும் என்பது அவர்கள் எண்ணம். புரண்ட நிலையிலேயே பின்பக்கப் பொத்தானைப் போட்டுவிட்டு, என்ன பார்க்கிறது என்று அவரும் பார்த்து அதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லி, பிறகு மறுபடி கையைக் கேட்கிறார். ஒருநாள் அந்தக் கை தானாக நீளும்.

சாப்பாடும் இப்படியே. தானாக உட்காரத் தெரியாத குழந்தைக்கு மடியில் வைத்து ஊட்டுகிறார்கள். தண்ணீரோ பாலோ சின்னக் கண்ணாடி டம்ளரில். எவ்வளவு இருக்கிறது என்று அதற்குத் தெரிய வேண்டுமல்லவா? வாயை மூடிக்கொண்டால் முடிந்தது. வியன்னாவின் அந்த ஒரு ஸ்பூன் விதி இங்கேயும் அப்படியே அமலில் இருந்தது. அம்மாவுக்கு ஒரு வாய், காக்காவுக்கு ஒரு வாய் என்று ஏமாற்றி ஊட்டும் நம் வித்தைக்கு அங்கே இடம் கிடைத்திருக்காது.

கணக்கு எப்படி ஒத்துவந்தது

எட்டு ஒன்பது குழந்தைகள் ஒரு குழு. அந்தக் குழுவை மூன்று நான்கு பேர் மட்டுமே மாறி மாறிப் பார்ப்பார்கள், வேறு யாரும் நடுவில் வந்து கைவைப்பதில்லை. பெரும்பாலான நேரம் ஒரு குழுவோடு ஒருவர்தான் இருப்பார். அதாவது ஸ்பிட்ஸ் பார்த்த இல்லத்தின் அதே விகிதம். ஆள் கூடவில்லை, ஆனால் முடிவு வேறாக இருந்தது.

வேறுபாடு மூன்று இடங்களில் இருந்தது என்பேன். முதலாவது, ஒவ்வொருவருக்கும் குழுவில் இரண்டு மூன்று குழந்தைகள் ‘சொந்தம்’. அந்தக் குழந்தையின் நாட்குறிப்பை அவர்தான் எழுதுவார், துணிமணி, பிறந்தநாள் எல்லாம் அவர் பார்வையில். குழந்தை வேறு குழுவுக்கு மாற்றப்படாமல், கூடுமானவரை அங்கிருக்கும் காலம் முழுதும் அதே முகங்களோடு இருந்தது.

இரண்டாவது, வரிசை. குளியலும் சாப்பாடும் தினமும் ஒரே வரிசையில் நடக்கும். முதலில் யார், அடுத்தது யார் என்பது எந்த ஷிப்டிலும் மாறாது. அழுகிற பிள்ளைக்கு முதலில் என்ற வழக்கமான நடைமுறையில் கத்தத் தெரிந்தது ஜெயிக்கும், சாதுவானது கடைசியில் கிடக்கும். வரிசை நிலையாக இருந்தால், தனக்கு முன்னால் உள்ள குழந்தையைத் தூக்கிப் போவதைப் பார்த்ததும் அடுத்தது நாம் என்று எட்டு மாதக் குழந்தைக்கே தெரிந்துவிடுகிறது. அது கம்பி ஓரமாக நகர்ந்து வந்து காத்திருக்கும். காலத்தைக் கையாளத் தெரிந்த குழந்தை என்பது கல்வியில் சின்ன விஷயம் இல்லை. எண்ணும் எழுத்தும் அதற்கு வெகு பிறகு வருபவை.

மூன்றாவதுதான் எல்லாவற்றையும் தாங்கியது. ஒருவரோடு அரைமனதாக இல்லாமல் முழுதாக இருக்க வேண்டுமானால், மீதி ஏழு பேரும் அந்த நேரம் தாங்களாக விளையாடிக்கொண்டிருக்க வேண்டும். தன் முறை வந்தபோது வயிறும் மனமும் நிறையப் பெற்ற குழந்தைதான் தனியாக விளையாடும். விளையாடத் தெரிந்த குழந்தைகள் இருந்தால்தான் பராமரிப்பவர் அவசரமில்லாமல் இருக்க முடியும். ஒன்றை எடுத்தால் மற்றது சரியும். தனி விளையாட்டை மட்டும் எடுத்துக்கொண்டு போன இடங்களில் குழந்தைகள் வெறுமனே தனித்துவிடப்பட்டார்கள்.

மல்லாந்த குழந்தை

லோட்ஸியில் பலருக்கு அதிர்ச்சி தருவது இந்தப் பகுதி. குழந்தையை மல்லாக்கத்தான் கிடத்துவார்கள். தலையணை அண்டக்கொடுத்து உட்காரவைப்பது, கையைப் பிடித்து நடத்துவது, வாக்கரில் போடுவது எதுவும் கிடையாது. தானாகப் போய்ச் சேராத நிலையில் குழந்தையை நாமாக வைக்கக் கூடாது. நமது நடைவண்டிக்கும் பிக்லரிடம் அனுமதி கிடைத்திருக்காது.

செங்கீரை ஐந்தாம் மாதம், சப்பாணி ஒன்பதாம் மாதம், வருகை ஓராண்டில் என்று பிள்ளைத்தமிழ் அழகாகக் கணக்கு வைத்திருக்கிறது. பிக்லரும் கணக்கு வைத்தார், ஆனால் அவர் கவனம் எப்போது என்பதைவிட எப்படி என்பதில் இருந்தது. பராமரிப்பவர்களின் அன்றாடப் பதிவுகளிலிருந்து 722 குழந்தைகளின் உடலசைவு வளர்ச்சியைத் தொகுத்தார். யாரும் கற்றுத்தராமலே எல்லாரும் புரண்டார்கள், ஊர்ந்தார்கள், தவழ்ந்தார்கள், உட்கார்ந்தார்கள், நின்றார்கள், நடந்தார்கள். குழந்தைக்குக் குழந்தை மாதங்கள் வெகுவாக வேறுபட்டன. வழியில் பக்கவாட்டில் சாய்ந்து ஒரு முழங்கையில் ஊன்றிக் கிடப்பது போன்ற எத்தனையோ இடைநிலைகள் இருப்பதையும் அவர் பதிவு செய்தார். உட்காரவைக்கப்படும் பிள்ளையிடம் இவை கண்ணில் படுவதே இல்லை, ஏனென்றால் அதற்கு வாய்ப்பே தரப்படுவதில்லை.

விளையாட்டுச் சாமான் எளிமையானது. முதல் பொம்மை ஒரு பருத்திக் கைக்குட்டை. நடுவில் பிடித்துக் கூம்புபோல நிற்கவைத்து, கைக்கு எட்டும் தூரத்தில் வைப்பார்கள். மூச்சை அடைக்காது, முகத்தில் விழுந்தால் வலிக்காது, பிடித்தால் உருவம் மாறும். பிறகு கிண்ணம், கூடை, ஏறி இறங்கப் படியும் மரச்சட்டமும். அந்தச் சட்டம்தான் இன்று ‘பிக்லர் முக்கோணம்’ என்று இந்திய ஆன்லைன் கடைகள்வரை நல்ல விலைக்குப் போகிறது. வாங்கிய வீட்டில் பிள்ளையைத் தூக்கி அதன் உச்சியில் உட்காரவைத்துப் படமெடுப்பதைப் பார்க்கிறோம். செய்யக் கூடாது என்று அவர் சொன்ன காரியமே அதுதான்.

அன்புக்கு ஒரு வேலி

1970-களின் தொடக்கத்தில் மிரியம் டேவிட், ஜென்விவ் அப்பெல் என்ற இரண்டு பிரெஞ்சு நிபுணர்கள் லோட்ஸிக்கு வந்து தங்கிப் பார்த்து, 1973-ல் புத்தகமாக எழுதினார்கள். மேற்கு ஐரோப்பாவுக்கு இந்த இல்லத்தை அறிமுகப்படுத்தியது அந்தப் புத்தகம். அவர்களைத் திகைக்க வைத்த ஒன்று என்னையும் இன்னும் உறுத்துகிறது. பராமரிப்பவர் கனிவோடு இருக்க வேண்டும், ஆனால் தாயாகிவிடக் கூடாது. மனம்போன போக்கில் கொஞ்சி முத்தமிட்டு, ஒரு பிள்ளையைத் தனக்கே என்று ஆக்கிக்கொள்வது விலக்கப்பட்டிருந்தது.

லோட்ஸிக்காரர்கள் சொல்லும் காரணம் நேர்மையானது. இந்தக் குழந்தை ஒருநாள் சொந்த வீட்டுக்கோ தத்துக் குடும்பத்துக்கோ போகும். இவரும் ஒருநாள் வேலையை விட்டுப் போவார். காப்பாற்ற முடியாத வாக்குறுதியைக் கையாலும் கண்ணாலும் கொடுக்காதே என்கிறார்கள். ஆசை வந்தால் தூக்குவதும் அலுத்தால் இறக்கிவிடுவதுமான பாசம் பெரியவரின் தேவைக்கானது என்பதும் அவர்கள் வாதம். இதில் உண்மை இருக்கிறது. ஆனாலும் ஒரு குழந்தை மூன்று ஆண்டுகள் யாருக்கும் உச்சகட்டப் பிரியமாக இல்லாமல் வளர்வது இழப்பு இல்லை என்று என்னால் சொல்ல முடியாது. லோட்ஸி அந்த இழப்பைக் குறைத்தது, போக்கவில்லை.

பலன் என்ன

இங்கே வளர்ந்து பெரியவர்களானவர்களைத் தேடிப்பிடித்து, பிக்லரும் உடன் பணியாற்றிய மருத்துவர் யூதித் ஃபால்க்கும் பின்னாய்வு செய்தார்கள். ஸ்பிட்ஸ் விவரித்த சேதம் இவர்களிடம் காணப்படவில்லை, சமூகத்தில் கலந்து வாழ்ந்தார்கள் என்பது முடிவு. ஆனால் நடத்துபவர்களே செய்த ஆய்வு அது, ஒப்பீட்டுக்குச் சமமான குழுவும் இல்லை. இதை மட்டும் வைத்து முறையை நிரூபித்துவிட்டதாகச் சொன்னால் ஆய்வாளர் யாரும் ஒப்பமாட்டார்.

வலுவான சான்று வேறொரு நாட்டிலிருந்து வந்தது. ரஷ்யாவின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் மூன்று குழந்தை இல்லங்களை வைத்து அமெரிக்க–ரஷ்யக் குழு ஒன்று செய்த ஆய்வு 2008-ல் வெளியானது. ஓர் இல்லத்தில் ஊழியர்களுக்குப் பயிற்சியோடு அமைப்பு மாற்றமும் செய்தார்கள்: குழு சிறிதானது, பார்ப்பவர்கள் நிலையானார்கள், குழந்தைகளை இடம் மாற்றுவது நின்றது. இன்னொன்றில் பயிற்சி மட்டும். மூன்றாவது வழக்கம்போல. முதல் இல்லத்துக் குழந்தைகளிடம் மன வளர்ச்சியோடு உயரமும் எடையும்கூடத் தெளிவாக ஏறின. இத்தனைக்கும் சாப்பாட்டை மாற்றவில்லை. பயிற்சி மட்டும் பெற்ற இல்லம் வெகுவாகப் பின்தங்கியது. பயிற்சி முகாம் நடத்திச் சான்றிதழ் கொடுத்துவிட்டு டியூட்டிப் பட்டியலைத் தொடாமல் விடும் நிர்வாகங்கள் இந்த ஒரு ஆய்வையாவது படிக்கலாம்.

எதிர்ப்பக்கமும் உண்டு. ருமேனியாவின் புக்கரெஸ்டில் 2000-ல் தொடங்கிய ஆய்வு, இல்லங்களில் இருந்த 136 குழந்தைகளில் பாதிப் பேரைக் குலுக்கல் முறையில் வளர்ப்புக் குடும்பங்களுக்கு அனுப்பியது. அவர்கள் இல்லத்திலேயே இருந்தவர்களைவிட அறிவு வளர்ச்சியில் முன்னேறினார்கள், சீக்கிரம் போனவர்கள் கூடுதலாக. எவ்வளவு திருத்தினாலும் இல்லம் வீடாகாது என்ற கருத்து இதனால் உறுதிப்பட்டது. ஹங்கேரியும் 1997-ன் குழந்தைப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு வளர்ப்புக் குடும்பங்களின் பக்கமே சாய்ந்தது. பிக்லர் 1984-ல் இறந்தார். லோட்ஸியின் தங்கும் இல்லம் 2011-ல் மூடப்பட்டது. மூடியது சரி என்றே நினைக்கிறேன்.

பகல்நேரக் காப்பகங்களில்

அதற்கு முன்பே, 2006-ல், அதே வளாகத்தில் பகல்நேரக் காப்பகம் ஒன்று தொடங்கியிருந்தது. அங்கே வரும் பிள்ளைகளுக்கு மாலையில் போக வீடு இருக்கிறது. சொந்தப் பராமரிப்பாளர் என்ற ஏற்பாடு ஹங்கேரியின் மற்றக் காப்பகங்களுக்கும் பரவியிருந்தது. பிள்ளையை முதல் நாளே விட்டுவிட்டு ஓடாமல், தாயோ தந்தையோ சில நாட்கள் கூடவே உட்கார்ந்து, அந்த ஒருவரிடம் மெல்லக் கைமாற்றிவிடுவதும் அங்கே பழக்கமாயிற்று. லோட்ஸியில் பிக்லரோடு பழகிய மக்தா கெர்பர் அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்து, 1978-ல் லாஸ் ஏஞ்சல்ஸில் ஓர் அமைப்பைத் தொடங்கி இதைப் பெற்றோருக்கே கற்றுத்தந்தார்.

இங்கிலாந்து வேறு வழியில் இதே இடத்துக்கு வந்தது. ஒவ்வொரு குழந்தைக்கும் பொறுப்பான ஒருவர் இருக்க வேண்டும் என்பதை 2008 முதல் சட்டப்படியே கேட்கிறது. சட்டம் பெயரைக் கேட்கும், நிர்வாகமும் பெயரைக் கொடுத்துவிடும். ஆனால் பதிவேட்டில் ஒருவர் பெயர் இருக்க, துணி மாற்றுவது அந்த நேரத்தில் கை சும்மா இருப்பவர் என்றால், லோட்ஸிக்காரர்கள் அதை ஏற்பாடாகவே கணக்கில் எடுக்கமாட்டார்கள். காப்பகம் பார்க்கப் போகிறவர்கள் பாடத்திட்டம், சுவர் ஓவியம், கேமரா எல்லாவற்றையும் விசாரித்த பிறகு இதையும் கேட்கலாம்: என் பிள்ளைக்குச் சாப்பாடு ஊட்டித் துணி மாற்றப்போவது யார், அவர் லீவு போட்டால் யார், போன வருடம் இந்த அறையில் இருந்தவர்களில் எத்தனை பேர் இன்னும் வேலையில் இருக்கிறார்கள்?